கடைசி அடியில் ஒரு பெயர்

“என் பாட்டை ஊரே கெடுக்கிறது, தாயே. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் நிறுத்திவிடுவார்கள்.”

புலவர் திருவேங்கடத்தான் ஐம்பதைத் தாண்டியவர். அவருடைய குரு பூரணி அம்மைக்கு அவரைவிட வயது குறைவு. மண்டபத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மை நிமிரவில்லை.

“எப்படிக் கெடுக்கிறார்கள்?”

“கடைசி அடியில் பாடியவன் பெயர் வருவது மரபு. ‘நிலவு குளத்தில் விழுந்ததைக் கண்டு நெஞ்சு குளிர்ந்தான் திருவேங்கடத்தான்.’ இவர்கள் என்னைத் தூக்கிவிட்டுத் தங்கள் பிள்ளைகளின் பெயரைப் போட்டுத் தாலாட்டுகிறார்கள். கோயில் சுவரில் அந்தப் பாட்டை வெட்டுகிற கல்தச்சன் என்னிடமே கேட்கிறான், யார் பெயரைப் போடுவது என்று.”

“அன்று நெஞ்சு குளிர்ந்ததா?”

“யாருக்கு?”

“பாட்டில் நீர்தானே நிற்கிறீர்.”

அவர் யோசித்தார். நிலவைப் பார்த்ததாகவே நினைவில்லை. இவ்வளவு நீளப் பெயரை ஓர் அடிக்குள் எப்படி அடைப்பது என்று விரல் மடக்கிக்கொண்டிருந்தது மட்டும் நன்றாக நினைவிருந்தது.



அம்மை துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். “கத்தரிக்காய் வாங்கணும். வாரும்.”

சந்தையில் கத்தரிக்காய்க்காரி கூட்டத்தில் திணறிக்கொண்டிருந்தாள். பின்னால் வேப்பங்கிளையில் தொங்கிய தூளிக்குள் அவள் பிள்ளை வீறிட்டது.

“ஐயா, கை சும்மாதானே இருக்கு? கொஞ்சம் ஆட்டிவிடுங்க. பாடினா அடங்கிருவான். நிலவுப் பாட்டு தெரியுமில்ல?”

“தெரியும்,” என்றார் புலவர்.

இதைவிட நல்ல வாய்ப்பு வாய்க்காது. தொண்டையைச் செருமிக்கொண்டு, சந்தை முழுக்கக் கேட்கும்படி பாடி, தன் பெயரில் கொண்டுபோய் நிறுத்தினார்.

அழுகை இரண்டு மடங்கானது.

“அது யாருங்க குறுக்கால? பிள்ளை மிரளுது. அவன் பேரு சடையன்.”

புலவர் குருவைப் பார்த்தார். அம்மை ஒரு கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிச் சொத்தை பார்த்துக்கொண்டிருந்தார்.

பிள்ளை மூச்சடைக்க அழுதது. முகம் சிவந்துவிட்டது.

புலவர் தூளிப் பக்கம் குனிந்தார். குரலைத் தாழ்த்தினார்.

“நெஞ்சு குளிர்ந்தான் என் சடையன்.”

அழுகை நின்றது. கண்ணீரோடு அவரைப் பார்த்துப் பொக்கை வாய் சிரித்தது.

அந்த அடி நொண்டாமல் போய் நின்றது அன்றுதான். அவர் இன்னொரு தடவை பாடினார். யாரும் கேட்காமலே மறுபடியும் பாடினார்.

“போதுங்க ஐயா. அவன் தூங்கி ரொம்ப நேரமாச்சு.”

மாலையில் கல்தச்சன் கோயில் சுவரடியில் உளியோடு உட்கார்ந்திருந்தான்.

“யார் பேருங்க?”

“யார் பேரும் வேண்டாம். அந்த இடத்தை வெறுமனே விடு.”

கல்தச்சன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு சுண்ணாம்புக் கட்டியால் அவர் பெயர் நீளத்துக்கு ஒரு கோடு இழுத்தான்.

“இவ்வளவு விட்டாப் போதுமா?”

புலவர் குனிந்து பாதிக் கோட்டை உள்ளங்கையால் அழித்தார்.

“தூளிக்குள் கிடக்கிறவனுக்கு இவ்வளவு நீளம் எதற்கப்பா?”