பூசணிப்பூவின் வாயைக் கட்டியவள்

அந்தக் காலத்தில், பூவும் பூச்சியும் மனுசரும் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்தபோது, பூசணிப்பூ ஒருமுறை மலர்ந்தால் மூன்று நாளைக்கு வாயை மூடாது. காலை, மதியம், சாயங்காலம் எந்நேரம் போனாலும் மஞ்சளாகத் திறந்து கிடக்கும். போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கதை பேசும். பீர்க்கும் அப்படித்தான், பகலெல்லாம் பூத்தே இருக்கும். இப்போது ஏன் அப்படி இல்லை என்று கேட்டால், அதற்குச் சடைச்சிதான் பதில் சொல்ல வேண்டும்.

சடைச்சியும் அவள் புருசன் விருமனும் பிள்ளைகளோடு மலையடிவாரத்தில் ஒரு துண்டு நிலத்தை வைத்துக்கொண்டு பிழைத்தார்கள். மூன்று வருசம் மழை பொய்த்தது. ஊரில் எல்லாரும் விதைக்கு வைத்திருந்ததையும் வறுத்துத் தின்றுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன, வயிறு கேட்குமா? சடைச்சி மட்டும் ஒன்பது பூசணி விதையையும் ஆறு பீர்க்கு விதையையும் முந்தானையில் முடிந்துகொண்டு, "செத்தாலும் இதைத் தொடமாட்டேன்" என்று பிடிவாதமாக இருந்தாள். நாலாம் வருசம் மழை வந்தது. அத்தனையையும் ஊன்றினாள். இதில் காய்த்தால்தான் மறுவிதை. காய்க்காவிட்டால் அந்தச் சீமையில் பூசணி என்ற பேச்சே இல்லை.

கொடி ஓடியது. மொட்டு வைத்தது. ஒருநாள் காலையில் பார்த்தால் நிலமெல்லாம் பூ. சடைச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "என் ராசாத்தி" என்று ஒவ்வொரு பூவையும் தொட்டுத் தொட்டுக் கொஞ்சினாள்.

அந்தச் சந்தோசம் அரைநாழிகைகூட நிற்கவில்லை. மலையிலிருந்து தேனீக்கள் இறங்கின. ஒவ்வொரு பூவுக்குள்ளும் தலைகுப்புற விழுந்து புரண்டு, கால் நிறைய மஞ்சள் பொடியை அப்பிக்கொண்டு கிளம்பின. சடைச்சிக்கு வந்ததே கோபம்!

"அடி பாவிகளா! பட்டப்பகல்ல கொள்ளையா? நட்டவ நான், அள்ளுறவ நீயா?"

ஒரு தேனீ மட்டும் சற்று நின்றது. "என்னக்கா இப்படிச் சத்தம் போடுறே? பூ திறந்து கிடக்கு, நாங்க வர்றோம்."

"எடுத்துட்டுப் போறியே, பதிலுக்கு என்னத்தக் குடுத்த?"

தேனீ யோசித்துப் பார்த்தது. அதற்கு வஞ்சகம் தெரியாது. "ஒண்ணும் குடுக்கலையேக்கா" என்று உள்ளதைச் சொல்லிவிட்டுப் பறந்தது.

போதாதா? குற்றவாளியே ஒத்துக்கொண்ட பிறகு சாட்சி எதற்கு? சடைச்சி வாழைப்பட்டையை உரித்து நார் நாராகக் கிழித்தாள். மறுநாள் விடியும்போதே போய், ஒவ்வொரு பூவின் இதழையும் சேர்த்துப் பிடித்து முறுக்கி, வாயை இறுக்கிக் கட்டினாள். பீர்க்கம்பூவுக்கும் அதே கதிதான். "ஆத்தா, கேளு..." என்று ஆரம்பித்த பூவுக்கும் பேச்சு முடிவதற்குள் கட்டு விழுந்தது.

விருமன் வந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஏன்டி, பூவுக்கெல்லாம் கோவணம் கட்டிவிட்டிருக்கே?"

"சிரிப்பீரு. நாளைக்குக் காய் தொங்கும்போது சிரியும் பாப்போம்."

பூக்கள் கட்டுக்குள்ளேயே 'ம்ம், ம்ம்' என்று முனகின. களவு போகாத நிம்மதியில் பாடுகின்றன என்று சடைச்சி நினைத்துக்கொண்டாள். புதுப்பூ மலர மலரக் கட்டிக்கொண்டே இருந்தாள். தேனீக்கள் இரண்டு நாள் சுற்றிப் பார்த்துவிட்டு வருவதை நிறுத்திக்கொண்டன.

ஐந்தாம் நாள் முதல் பிஞ்சு மஞ்சளடித்து வெம்பி விழுந்தது. அடுத்த நாள் நாலு. தண்ணீர் போதவில்லையோ என்று குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள். சாணத்தைக் கரைத்து விட்டாள். எவள் கண் பட்டதோ என்று உப்பைச் சுற்றிப் போட்டாள். பிஞ்சு பாட்டுக்கு விழுந்துகொண்டே இருந்தது. பதினைந்தாம் நாள் கொடியடியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுதவள் கை பட்டு ஒரு நார் அறுந்தது.

"அப்பாடா!" என்றது பூ. "எத்தனை நாளாக் கத்துறோம் ஆத்தா! காது எங்கே வச்சிருந்தே?"

"என்னடி ஆச்சு உங்களுக்கு? எதுக்கு இப்படிக் கொட்டுறீங்க?"

"பிஞ்சோட வர்றது பொம்பளைப் பூ. வெறும் காம்போட நிக்குறது ஆம்பளைப் பூ, மொத நாள் பூத்தது பூரா அவன்தான். அவன் பொடி என் நெஞ்சுல வந்து விழுந்தாத்தான் பிஞ்சு நிக்கும். எனக்கென்ன காலா இருக்கு நடந்துபோய் வாங்கிட்டு வர? அந்தத் தேனீ கால்ல ஒட்டிக்கிட்டு வரும். அதைத்தான் திருடின்னு விரட்டிட்டியே."

சடைச்சி துள்ளி எழுந்தாள். வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிட்டதே! "என் தலையில நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டேனே" என்று ஓடி ஓடி எல்லாக் கட்டையும் அவிழ்த்தாள். உள்ளே இருந்ததெல்லாம் அழுகிக் கிடந்தது. ஒரு பூவுக்குள்ளே இரண்டு தேனீ செத்துக் கிடந்தன. விடியலில் அவள் அவசரமாகக் கட்டியபோது உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவை. சடைச்சி அவற்றை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"இன்னும் எட்டு மொட்டுதான் இருக்கு ஆத்தா. அதோட என் உசுரு அவ்வளவுதான்" என்றது பூசணிக்கொடி.

தன் கையே தனக்குதவி என்று மறுநாள் அவளே விரலில் பொடியைத் தொட்டுப் பெண் பூவுக்குள் விட்டுப் பார்த்தாள். "ஐயோ, குத்தாதே!" என்று பூ அலறியது. மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரல் அது. பூவின் நெஞ்சு கிழிந்துபோனது. எட்டில் ஒன்று போச்சு.

அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை. செத்த தேனீக்களைப் பூவரச இலையில் மடித்து எடுத்துக்கொண்டு மலை ஏறினாள். பாறையிடுக்கில் கூடு தொங்கியது. அன்றைக்கு அவளோடு பேசிய தேனீதான் முன்னால் வந்தது.

"தாயி, தப்பு என் பேர்லதான். நீங்க எடுத்துட்டு மட்டும் போகலை. எம் பிள்ளைகளுக்கு உசுரைக் குடுக்கவும்தான் வந்திருக்கீங்க. தெரியாமப் போச்சு."

தேனீ மலைத்துவிட்டது. "அப்படியா? எங்களுக்கே தெரியாதேக்கா!"

சடைச்சி இலையைப் பிரித்தாள். கூடு முழுக்க இரைச்சல் அடங்கிப்போனது. அவள் பாறையில் நெற்றி பட விழுந்தாள். "கொட்டுறதுன்னா கொட்டுங்க. என்னைக் கொன்னாலும் சரி. என் கொடிக்கு மட்டும் வந்துட்டுப் போங்க. ஏழே மொட்டு."

யாரும் கொட்டவில்லை. அது அவளுக்கு இன்னும் வேதனையாக இருந்தது.

"வர்றோம்" என்றது தேனீ கடைசியில். "பூ என்ன பாவம் பண்ணுச்சு? ஆனா நீ எந்திரிச்சு வர்றதுக்கு முன்னாடி வந்துட்டு, வெயில் ஏறுறதுக்குள்ள போயிடுவோம். நாங்க வெளியே வந்ததும் பூ தானே வாயை மூடிக்கிடணும். உன் கையால ஒரு கட்டும் விழக்கூடாது. எங்க ஆளுக உள்ளே மாட்டக்கூடாது."

கீழே வந்து சொன்னபோது பூசணி உடனே சரியென்றது. பீர்க்குத்தான் முகத்தைச் சுளித்தது. "விடியல்ல மட்டும்னா எல்லாரும் அந்தக் குடம்மாதிரிப் பூவுக்குத்தான் போவாங்க. என் சின்னப் பூவை யார் பாக்கப்போறா? நான் சாயங்காலம் பூத்துக்கிறேன். பகல்ல தூங்குற அந்துப்பூச்சி எந்திரிச்சு வரட்டும், அவனோட பேசிக்கிறேன்." சொன்னபடி செய்தது, காயும் பிடித்தது. அந்துப்பூச்சிக்கும் பொழுதுசாயும் நேரத்தில் ஒரு வீடு கிடைத்தது.

பூசணியின் ஏழு மொட்டில் மூன்று ஆண் பூ, நாலு பெண் பூ. நாலு பிஞ்சில் ஒன்றை அணில் கடித்தது, மூன்று நின்றது. பிள்ளைகள் கேட்டும் சடைச்சி ஒன்றைக்கூட அறுக்கவில்லை. முற்றவிட்டு, விதையெடுத்து, ஊரில் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். கொடுக்கும்போது, "விடியல்ல கொடிப்பக்கம் போகாதீங்க" என்று சொல்லியே கொடுத்தாள்.

எல்லாம் நல்லபடி ஆனபிறகு ஒருநாள் அவள் பூவிடம் கேட்டாளாம், "நான்தான் திருந்திட்டேனே, பழையபடி பகலெல்லாம் திறந்திருந்து பேசேன்டி" என்று. பூ ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் எந்தப் பூவும் மனுசரோடு பேசியதில்லை.

அன்று முதல்தான் பீர்க்கு சாயங்காலம் பூக்கிறது. அன்று முதல்தான் பூசணிப்பூ நாம் கண் விழிக்குமுன்னே மலர்ந்து, உச்சிவெயிலுக்குள் தன் இதழைத் தானே முறுக்கி வாயை மூடிக்கொள்கிறது. மனுசக் கையின் பயம் அதற்கு இன்னும் தெளியவில்லை.