கொம்பையா ஆசாரி கற்ற ஷட்ஜம்

இந்த நிகழ்ச்சியை முதன்முதலில் சொன்னவர் எங்கள் பள்ளித் தையலாசிரியை தவமணி அம்மையார். துணியில் ஒரு தையலும் விட்டுப்போக இடம் கொடாதவர், சொல்லிலும் அப்படியே.

கோவில்பட்டியில் கொம்பையா ஆசாரி என்றொரு பொற்கொல்லர் இருந்தார். ஊதுகுழலை வாயில் வைத்துச் சுடரை வளைத்து, நகைகளைப் பற்றவைத்தே வாழ்நாளைக் கழித்தவர். கரிப்புகையும் திராவகப் புகையுமாகச் சேர்ந்து, அறுபதை நெருங்கும் வேளையில் அவர் நெஞ்சை அடைத்துவிட்டன. ஆசுபத்திரிக் கட்டிலில் அவர் காற்றுக்குத் தவித்துக் கிடந்த நாட்களில், நேசமணி என்னும் செவிலி அவர் முதுகில் உள்ளங்கையை வைத்து, தாமும் கூடவே மூச்சு விட்டார். ஆசாரி பிழைத்து எழுந்தார்.

பின்னொரு நாள், அந்தச் செவிலி பங்குனியில் பணி ஓய்வு பெறுகிறார் என்ற செய்தி வந்தது. ஆசாரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு மோதிரம் செய்து கொண்டுபோனார்.

"நோயாளிங்ககிட்ட நான் எதுவும் வாங்குறதில்ல அண்ணாச்சி" என்று சிரித்தபடி திருப்பிக் கொடுத்துவிட்டார் நேசமணி.

மூச்சு தந்தவருக்கு மூச்சாலேயே ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசாரி முடிவு கட்டினார். கல்யாண வீடுகளில் சாக்சபோன் வாசிக்கும் செண்பகவல்லி அம்மையாரிடம் போய் நின்றார். அவருக்கு ஆசாரியின் மூத்த மகள் வயதுதான் இருக்கும்.

"என்ன பாட்டு வேணும் ஆசாரியாரே?"

"வார்டுல நேசமணியம்மா ஒரு தாலாட்டை முணுமுணுத்துக்கிட்டே நடப்பாங்க டீச்சரம்மா. அவங்களை அனுப்புற விழாவுல அதை வாசிக்கணும்."

"முதல்ல ஷட்ஜம் பிடிங்க, 'ஸ'ங்கிற முதல் ஸ்வரம்."

ஆசாரி ஊதினார். கன்னங்கள் இரண்டும் எண்ணெயில் போட்ட பூரிபோல் உப்பின. கருவி கரகரத்தது.

"கன்னத்துல எதுக்குக் காத்தை அடைக்கிறீங்க?"

"காத்து நிக்கலைன்னா சுடர் ஆடிப்போகுமே!"

"சுடர் எங்க?"

ஆசாரி சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு தாமே சிரித்துவிட்டார்.

ஆனால் பழக்கம் விடுமா? வாயில் காற்றைத் தேக்கிவைத்து, அது தீருமுன்பே மூக்கால் இழுத்து நிரப்பிக்கொள்வது பொற்கொல்லர் வழக்கம். சாக்சபோன் அந்தக் காற்றை ஏற்க மறுத்தது. ஐப்பசி போயிற்று, மார்கழியும் போயிற்று. ஷட்ஜம் மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது. தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஆசாரி உதட்டை எடுத்துவிடுவார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"மூச்சுத் தீர்ந்துபோச்சு டீச்சரம்மா."

"தீர்ந்துபோச்சா? இப்பப் பேசினது எந்த மூச்சுல?"

ஆசாரி மறுபடி கருவியை உதட்டில் வைத்தார்.

"தங்கத்துலதான் சேதாரம் பிடிப்பீங்கன்னு நினைச்சேன். காத்துலயுமா?"

இம்முறை ஆசாரி சிரிக்கவில்லை.

"நீங்க அந்தக் கட்டில்ல கிடந்ததில்ல. கிடந்திருந்தா நீங்களும் கொஞ்சம் உள்ள பிடிச்சு வச்சுக்கிடுவீங்க. எல்லாத்தையும் விட்டுட்டா, அடுத்தது வரும்னு யாரு சொல்றா?"

செண்பகவல்லி கருவியை அவர் உதட்டருகே நகர்த்தினார்.

"ஷட்ஜம்" என்றார்.

விழாவுக்கு முந்தின நாளும் ஷட்ஜம்தான். ஆசாரிக்குப் பொறுமை போய்விட்டது.

"பாட்டு எப்போ?"

"இந்த ஸ்வரம் முடியற இடத்தை நீங்க இன்னும் பாக்கல. பாத்தப்புறம் பாட்டு."

"ஒத்த ஸ்வரத்தைத் தூக்கிட்டுப் போனா ஊரே சிரிக்கும்!"

"சிரிக்கட்டும்."

"அப்போ நான் போகல."

"நான் கூட வர்றேன்."

ஆசுபத்திரி முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். வாழ்த்துரைகள் முடிந்தன. மாலையும் கழுத்துமாக நேசமணி நாற்காலியில் அமர்ந்திருந்தார். கருவியோடு எழுந்து நின்ற ஆசாரியைப் பார்த்து, "எல்லாரும் காதுக்குப் பஞ்சு வாங்கிக்கோங்கப்பா, ஸ்டோர்ல நிறைய இருக்கு!" என்று வார்டு ஊழியர் ஒருவர் குரல் கொடுத்தார். பந்தலே சிரித்தது.

ஆசாரி ஊதத் தொடங்கினார். ஷட்ஜம் எழுந்தது. சற்று நின்றது. பிறகு கன்னம் உப்பியது; ஒலி நடுங்கியது. உதட்டை எடுத்துவிடலாம் என்று அவர் எண்ணிய அந்தக் கணத்தில், முதுகில் ஓர் உள்ளங்கை பதிந்தது.

நேசமணி நாற்காலியை விட்டு எழுந்து வந்திருந்தார்.

"விட்ருங்க அண்ணாச்சி. பூரா விடுங்க. அடுத்தது தானா வரும்."

அன்று கட்டிலருகே நின்றும் இதையேதான் சொன்னார்.

ஆசாரியின் கன்னம் தணிந்தது. ஒலி நேராயிற்று. அச்சில் இழுத்த பொன்கம்பிபோல நீண்டது, மெலிந்தது, இன்னும் மெலிந்தது. பிறகு இல்லாமல் போயிற்று. உள்ளே ஒன்றும் மிச்சமில்லை. பந்தலில் ஒருவரும் அசையவில்லை.

ஆசாரி எதையும் இழுக்கவில்லை. காற்று தானாகவே உள்ளே வந்தது.

அவர் முதுகில் வைத்த கையை எடுக்காமல், நேசமணியும் அப்போதுதான் மூச்சு விட்டார்.

"மோதிரத்தைத் திருப்பித் தந்தேன். இதை எப்படித் திருப்பித் தர?" என்று அவர் கேட்டார். ஆசாரிக்குக் கண் நிறைந்து வழிந்தது. இரண்டு கைகளையும் கூப்பினார்.

செண்பகவல்லியோடு திரும்பி நடக்கையில் ஆசாரி சாக்சபோனைக் குழந்தையைப்போல் மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். பாதி வழியில் நின்றார்.

"டீச்சரம்மா, அந்தத் தாலாட்டுல ஒரு வரிகூட நான் வாசிக்கலையே. அவங்க எனக்கு உயிரைக் கொடுத்தாங்க. நான் என்னத்தைக் கொடுத்தேன்?"

"ஒரு மூச்சு" என்றார் செண்பகவல்லி. "சேதாரம் இல்லாம."