நெல்லைத் தொடாத வாத்து

பெரிய குளம் ஒன்றில் வரித்தலை வாத்துகள் வந்து இறங்கின. பனிமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஐப்பசியில் வரும், பங்குனியில் திரும்பிவிடும். அந்தக் கூட்டத்தில் வரியன் என்று ஒரு வாத்து. அதன் துணை சாம்பி.

அறுப்பு முடிந்த வயலில் நெல் சிந்திக் கிடந்தது. வழியெல்லாம் பட்டினி கிடந்த உடம்பு. வரியன் தின்றது. பசி தீர்ந்த பிறகும் தின்றது.

குளத்து நடுவே பட்டுப்போன கருவேல மரம். அதில் காரி என்கிற நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்தபடி உட்கார்ந்திருக்கும். பக்கத்து ஊர்க் குளத்தைத் தாண்டி அது எங்கும் போனதில்லை. மீனைத் தவிர வேறெதையும் தின்றதும் இல்லை.

“என்ன அண்ணாச்சி, கரையேறும்போது உங்களுக்கு முன்னாடி தொப்பை வந்து நிக்குதே” என்றது காரி.

மரத்துக் கொக்குகள் சிரித்தன. வரியனுக்கு அன்று தூக்கம் வரவில்லை. மறுநாள் காரியிடமே போய் வழி கேட்டது. நெல்லை விட்டுவிடுங்கள், பாசியும் புழுவும் போதும் என்றது காரி. சாம்பியும் மறுக்கவில்லை. சும்மா மிதக்கிற மாதங்களில் நெல்லைக் குறைப்பது நல்லதுதான் என்றது.

தை பிறப்பதற்குள் தொப்பை கரைந்தது. கொக்குகள் கூப்பிட்டுப் பாராட்டின. புதிதாக வந்த நாரைகளிடம் வரியனைக் காட்டி, எல்லாம் தன் கைங்கரியம் என்று சொல்லிக்கொண்டது காரி. வரியன் தண்ணீரில் தன்னைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தது.

மாசியில் அடுத்த அறுப்பு தொடங்கியது. வாத்துக் கூட்டம் முழுக்க வயலில் இறங்கி இரண்டு பங்கு தின்றது. பறக்கிற நாட்களில் உள்ளே எரிய ஏதாவது வேண்டுமே.

“அப்ப குறைச்சது சரி. இப்பவும் குறைச்சா எதை வச்சு மலையைத் தாண்டுறது?” என்றது சாம்பி.

“இந்த உடம்புக்கு மூணு மாசம் பாடுபட்டிருக்கேன். ஒரு மணி தொட்டாலும் எல்லாம் போயிடும்.”

சாம்பி ஒரு கதிரைக் கவ்விக்கொண்டு வந்து முன்னால் வைத்தது. மரத்திலிருந்து காரி பார்த்துக்கொண்டிருந்தது. வரியன் கதிரைக் காலால் தள்ளிவிட்டது.

பங்குனியில் ஒரு காலை கூட்டம் கிளம்பியது. நடுப்பகலுக்குள் வரியனின் சிறகு துவண்டது. ஏதோ ஒரு கண்மாய்க் கரையில் விழுந்தது. சாம்பி மேலே மூன்று முறை வட்டமிட்டது. இறங்கினால் கூட்டம் போய்விடும். தனியாக அந்த மலையை எந்த வாத்தும் தாண்டியதில்லை. நான்காவது முறை அது சுற்றவில்லை.

வரியன் அங்கங்கே விழுந்து எழுந்து பழைய குளத்துக்கே வந்து சேர்ந்தது. வயலை உழுதுவிட்டிருந்தார்கள். ஒரு மணி நெல் இல்லை. சித்திரை வெயிலில் குளம் சேறாகிக்கொண்டிருந்தது. மீன் தீர்ந்ததால், காரியும் பக்கத்து ஊர்க் குளத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது.

“நீ சொன்னபடிதானே செஞ்சேன்” என்றது வரியன்.

காரி அதை மேலும் கீழும் பார்த்தது.

“யாருக்கும் தெரியாம நெல்லு தின்னிருப்பீங்க அண்ணாச்சி. இல்லாட்டி இப்படி ஆகாது.”

சொல்லிவிட்டுப் பறந்துபோனது. வரியன் சேற்றில் நின்றபடி வடக்கே பார்த்தது.

உடம்புக்கு எப்போது எவ்வளவு தீனி வேண்டும் என்பதைத் தான் போக வேண்டிய தூரத்தை வைத்து முடிவு செய்யாமல், கரையில் உட்கார்ந்திருப்பவரின் பாராட்டை வைத்து முடிவு செய்கிறவர், கடைசியில் கரையில்தான் நிற்பார்.