‘பில்’லில் விழுந்த அழுத்தம்

“இர்... இர்... இர்...”

ரைஸ்மில் மோட்டார்தான் சிக்கிக்கொண்டது என்று தவசி எண்ணெய்க் குவளையோடு ஓடினான். மோட்டார் சும்மா கிடந்தது. மூட்டை அடுக்குக்குப் பின்னால் கூட்டாளி மருதன் கண்ணை மூடிக்கொண்டு இரைந்துகொண்டிருந்தான்.

எல்லாம் தவசிக்காகத்தான். மில்லில் வாட்ச்மேன் வேலை காலி. “எனக்கு இர்ரெஸ்பான்சிபிலிட்டி ஆகாது. அந்த வார்த்தையைச் சரியாச் சொல்றவன் வந்து நாற்காலில உக்காரலாம்” என்று முதலாளி சொல்லிவிட்டார். மூட்டை சுமந்து சுமந்து கழுத்தே தோளுக்குள் போய்விட்ட தவசிக்கு, கனவில்கூட அந்த நாற்காலிதான் வந்தது.

டியூசன் வாத்தியாரை பஸ் ஏறும்போது மடக்கிக் கேட்டிருந்தார்கள். அவர் படியில் தொங்கியபடியே சொன்னார்: “அசை அசையாப் பிரி. முன்னால ‘இர்’ முன்னொட்டு. பின்னால ‘இட்டி’ பின்னொட்டு. ‘இட்டி’ வந்தா அதுக்கு முந்தின ‘பில்’லை அழுத்து.” பஸ் போய்விட்டது.

“முன்னொட்டு நான். பின்னொட்டு நம்ம பூச்சி. நடுவுல நீ” என்று மருதன் பிரித்துக்கொடுத்தான்.

“எதை வச்சு ஒட்டுறது?” என்றான் கூட மூட்டை தூக்கும் பூச்சி.

“கஞ்சி தாங்காது மாப்ளே. மைதாப் பசை காய்ச்சு.”

“வாத்தியார் அசைன்னாரே?” என்றான் பூச்சி.

“ஆடாம அசையாமப் பேசுனா அது தமிழு. அசைஞ்சு பேசுனாத்தான் இங்கிலீசு.”

தவசிக்கு ஒரே சந்தேகம்தான். “பில்லை எப்படி அழுத்துறது?”

“நீதானடா பில்லு. மூட்டை எதுக்கு இருக்கு?”

மறுநாள் மைதாப் பசையில் முதுகும் வயிறுமாக ஒட்டிக்கொண்டு மூவரும் ஆடி ஆடி முதலாளி முன்னால் வந்து நின்றார்கள். “இர்” என்றான் மருதன். “ரெஸ்... பான்... சி...” என்று தவசி அசைந்தான். பூச்சி தூக்கிப் பிடித்திருந்த நெல்மூட்டையை அவன் தலையில் விட்டான்.

தவசி “பில்ல்ல்” என்று அலறியது குடோன்வரை கேட்டது.

“இட்டி” என்றான் பூச்சி, மரியாதையாக.

முதலாளி காலி நாற்காலியைக் கைகாட்டினார். “டவுன்ல படிச்ச என் மருமகனே ‘இர்’லதான்டா அழுத்துறான். போ, போய் உக்காரு.”

தவசி நாற்காலிப் பக்கம் போனான். ஒட்டியிருந்த மற்ற இருவரும் போகவேண்டியதாயிற்று. உட்காரப் பாதி குனிந்த தவசி தலைமூட்டையோடு அப்படியே நின்றுவிட்டான்.

“என்னடா?”

“நான் உக்காந்தா அழுத்தமெல்லாம் நாற்காலிக்குப் போயிடுமே முதலாளி.”

மூவரும் தாழ்ந்த குரலில் கலந்துபேசினார்கள்.

“அழுத்தம் அதுக்குப் போனா வேலையும் அதுக்குத்தான்” என்றான் மருதன். “அடுத்தவன் பொழப்புல நாம கைவைக்கக் கூடாது.”

தவசி மூட்டையை இறக்கி நாற்காலியில் வைத்தான். அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, இருவரையும் இழுத்துக்கொண்டு அடுத்த மூட்டையைத் தூக்கப் போனான்.