கவுன்சிலுக்கு மூன்று பொருள்

நெல்வரம்பூர் அரண்மனையில் நான் துபாஷி, அதாவது பாஷை பெயர்த்துச் சொல்பவன். பெயர் வேதகிரி. எனக்கு இங்கிலீஷும் துருக்கியும் தண்ணீர் பட்ட பாடு என்று ஊரில் எல்லாரும் நம்பினார்கள். நாளடைவில் நானும் நம்பத் தொடங்கிவிட்டேன். இங்கிலீஷ், துறைமுகத்துக் கப்பல்காரர்களிடம் பொறுக்கியது. துருக்கி, ஒரு குதிரை வியாபாரியிடம் பேரம் பேசிப் பிடித்தது. மற்றவர்களுக்கு அதுவும் தெரியாது. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை.

எங்கள் மகாராஜா வீரப்ப பூபதிக்கு அந்த வருஷம் ஒரு விபரீத ஆசை வந்தது. பெரிய ஏரியின் கரையைக் குடைந்து அங்கே வசந்த மண்டபம் கட்ட வேண்டுமாம். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே தாம்பூலம் போடலாமாம். மழையோ நெருங்கிக்கொண்டிருந்தது. கரையில் கை வைத்தால் ஊர் மிதக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதை ராஜாவிடம் யார் சொல்வது? என் வீடு ஏரிக்கு நேர் கீழே இருக்கிறது. நானே வாயைத் திறக்கவில்லை என்றால் என் வீரத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் ராஜா கேட்டார். "வேதகிரி, வெள்ளைக்காரர்கள் எதற்கெடுத்தாலும் கவுன்சில், கவுன்சில் என்கிறார்களே, அது என்ன?"

"கூடி யோசனை சொல்லும் சபை, மகாராஜா."

"துருக்கியில்?"

"திவான்."

"திவான் என்றால் மந்திரி அல்லவா?"

"அங்கே சபைக்கே அந்தப் பெயர், மகாராஜா. ஆனால் அதுவும் இதுவும் ஒன்றில்லை..." என்று இழுத்தேன். அதற்குள் பிரதானி சொக்கப்பர் குறுக்கே புகுந்தார். அவருக்கு என்னைக் கண்டாலே ஆகாது.

"வாயால் எதையும் சொல்லிவிடலாம், மகாராஜா. நாளைக்கு இரண்டு சபையையும் நடத்தி வித்தியாசத்தைக் காட்டட்டும். மண்டப விஷயத்தையே அங்கே வைப்போம். காட்டத் தெரியாவிட்டால், கரை வெட்டும்போது முதல் கூடை மண்ணைத் துபாஷியே சுமக்கட்டும்."

"பேஷ்!" என்றார் ராஜா.

என் வீடு முழுக நானே மண் சுமப்பதா?

மறுநாள் காலை இங்கிலீஷ் சபை. பெரிய மேஜை போட்டு, ராஜாவையும் எல்லாரோடும் உட்கார வைத்தேன். "இங்கே அவரவர் மனதில் பட்டதைச் சொல்லலாம்" என்று அறிவித்தேன். ராஜா மீசையை முறுக்கிக்கொண்டு, "மண்டபம் கட்டலாமா?" என்றார்.

"பிரமாதம்!" என்றார் பிரதானி.

"இந்திரலோகத்திலும் இப்படி ஒன்று கிடையாது!" என்றார் சேனாபதி.

புலவர் மண்டபத்தின் மேல் வெண்பாவே பாடிவிட்டார். என் முறை வந்தது. தொண்டையைக் கனைத்து, முதுகை நிமிர்த்தி, "ரொம்ப நல்ல யோசனை, மகாராஜா" என்றேன்.

பிற்பகலில் துருக்கி சபை. அங்கே சுல்தான் சபையில் உட்கார மாட்டாராம், பின்னல் ஜன்னலுக்குப் பின்னால் மறைந்திருந்து கேட்பாராம். குதிரை வியாபாரி சொன்னது. நானும் மூங்கில் தட்டியால் ஒரு ஜன்னல் செய்து வைத்தேன். ராஜா அதன் பின்னால் போகுமுன் அவர் காதில் ஒரு விஷயம் சொன்னேன்.

"அடப்பாவி, நானா?" என்றார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சபை கூடியது. எல்லாரும் தட்டியைப் பார்த்துக் கும்பிட்டார்கள். தட்டிக்குக் கேட்கும்படி உரக்கப் புகழ்ந்தார்கள். மண்டபம் கட்டியே ஆக வேண்டும் என்று முடிந்தது.

"காலையிலும் இதே முடிவு, இப்போதும் இதே முடிவு. வித்தியாசம் எங்கே?" என்று பிரதானி சிரித்தார். "கூடையைத் தேடி எடுத்துக்கொள், வேதகிரி."

சபை கலைந்தது. எல்லாரும் வாசலில் குனிந்து அவரவர் செருப்பைத் தேடினார்கள். செருப்புக் காவல்காரன் தலையோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓரமாகக் குந்தியிருந்தான். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

"கரையை வெட்டினால் முதலில் மிதக்கப்போவது நம் குதிரை லாயம்தான்" என்றார் சேனாபதி.

"என் வெண்பாவும் மிதக்கும்" என்றார் புலவர்.

"நான் சாமான்களை எல்லாம் மாமனார் ஊருக்கு அனுப்பிவிட்டேன். ராஜாவுக்குத்தான் புத்தி கெட்டுவிட்டதே!" என்றார் பிரதானி. "அந்தத் துபாஷி மட்டும் என்ன? இங்கிலீஷும் தெரியாது, துருக்கியும் தெரியாது. இரண்டிலும் 'விலை என்ன' என்று கேட்கத் தெரியும், அவ்வளவுதான்!"

காவல்காரன் எழுந்து கம்பளியை உதறினான். உள்ளே மகாராஜா!

சேனாபதி ஒரு செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றார். பிரதானி புலவரின் செருப்பில் காலை விட்டுக்கொண்டார்.

"ஜன்னல் பின்னால் போன கையோடு பின்கட்டு வழியாக இங்கே வந்துவிட்டேன்" என்றார் ராஜா. "வேதகிரி! இது எந்த நாட்டுச் சபை?"

"ராஜாவோடு உட்கார்ந்து பேசினால் இங்கிலீஷ் கவுன்சில், மகாராஜா. ராஜா மறைந்திருந்து கேட்டால் துருக்கி திவான். நம் ஊரில் சபை கலைந்த பிறகுதான் சபை கூடும்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "கரையில் ஒரு மண்வெட்டியும் படக்கூடாது!" என்று உத்தரவு போட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அது நிலைப்பதற்குள் அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஆனால் இந்தச் சபை உன் பாஷை ஞானத்தைப் பற்றியும் ஒன்று சொன்னதே? ஏரியைப் பற்றிச் சொன்னது நிஜமென்றால், அதுவும் நிஜம்தானே?"

வேறு வழி? "சபையின் முடிவுக்கு நான் கட்டுப்பட்டவன், மகாராஜா" என்றேன்.

மறுபடியும் சிரித்தார். தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து எனக்குப் போர்த்தினார். கூடவே ஒரு புது உத்தியோகமும் கொடுத்தார். இனிமேல் சபை நாட்களில் செருப்பு விடும் இடத்தில் நான் உட்கார்ந்து, காதில் விழுவதை அப்படியே அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

அன்று முதல் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். சபை கலைந்து வெளியே வருகிறவர்கள் எல்லாரும், செருப்பை மாட்டிக்கொண்டே, என் துருக்கிப் புலமையை வாயாரப் புகழ்ந்துவிட்டுப் போகிறார்கள்.