டென்னிசனுக்கு மட்டும் மௌனம்

மலையடிவாரத்தில் உமையாளம்மாவின் ஆசிரமம். அங்கே வருஷத்துக்கு ஒரு வாரம் மௌனம் இருப்பார்கள். வாயால் பேசக்கூடாது. கையால் பேசக்கூடாது. கண்ணால் ஜாடை காட்டினாலும் தப்புதான்.

மௌனம் முடிந்ததும் உடனே மூட்டையைக் கட்ட முடியாது. மூன்றாம் நாள் காலையில்தான் பஸ் வரும். அமைதியிலிருந்து நேராக எழுந்து ஊருக்குப் போனால், முதலில் எதிர்ப்படுகிற ஆளோடு சண்டை வரும் என்பது உமையாளம்மாவின் அனுபவம். ஆகவே அங்கேயே இருந்து கொஞ்சம் பேசிப் பழகிவிட்டுப் போங்கள் என்பார்.

மற்றவர்களுக்கு அந்த மௌன வாரம் பல்வலி மாதிரி. சங்கரநயினாருக்கு மட்டும் அது தீபாவளி.

தென்காசியில், எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தவர் நயினார். கல்யாணம் ஆகவில்லை. நாற்பதை நெருங்கும்போது ஒரு டாக்டர் அவரைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஆட்டிசம்" என்றார். கூட வந்த அக்கா அழுதாள். நயினார் அழவில்லை. "அப்போ நான் திமிர் பிடிச்சவன் இல்லையே டாக்டர்?" என்று கேட்டார். அதுநாள்வரை ஊர் அவருக்கு வைத்திருந்த பெயர் அதுதான்.

குரு உமையாளம்மா இந்தச் சீடரைவிட இரண்டு வயது இளையவர். அதனால் குரு சீடரை அண்ணாச்சி என்பார். சீடர் குருவை அம்மா என்பார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இருவருக்கும் வராது.

இந்த வருஷ மௌனத்தில் நயினாருக்குச் சமையல்கட்டில் வேலை. சின்ன வெங்காயம் உரிக்கவேண்டும். எதிரே உட்கார்ந்து உரித்தவள் சுகந்தி. சிவகாசியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். ஒரு தடவை கல்யாணம் ஆகி, ஒத்துவராமல் விலகி வந்தவள். இதையெல்லாம் முதல்நாள் அறிமுகத்தில் சொல்லியிருந்தாள். அதற்குப் பிறகு மணி அடித்துவிட்டார்கள், பேச்சு நின்றுவிட்டது.

ஒருநாள் வெங்காயக் காரத்தில் நயினாருக்குக் கண் பொங்கியது. சுகந்தி தண்ணீர்க் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். மறுநாள் நயினார் இருந்ததில் நல்ல கத்தியாகப் பார்த்து அவள் பக்கம் வைத்தார். அதற்கடுத்த நாள் அவருடைய மோர் டம்ளருக்கு ஒரு தட்டு மூடியிருந்தது, ஈ விழாமல்.

யாரும் அவரை "ஏன் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டேங்குறீங்க?" என்று கேட்கவில்லை. யாரும் ஒன்றைச் சொல்லி இன்னொன்றை நினைக்கவில்லை. வெங்காயம் உரிந்துகொண்டே இருந்தது. பிறந்ததிலிருந்து நயினார் இத்தனை சந்தோஷமாக இருந்ததில்லை. இவள்தான் என்று முடிவு செய்துவிட்டார். அவளும் அதே முடிவைச் செய்துவிட்டாள் என்பதையும் அவரே முடிவு செய்துவிட்டார்.

மௌனம் முடிந்தது. மணி அடித்ததுதான் தாமதம், பள்ளிக்கூடம் விட்ட மாதிரி ஒரே இரைச்சல்.

நாகர்கோவில் டென்னிசன் சமையல்கட்டுக்குள் நுழைந்தான். ஒரு வாரம் வாயை மூடி வைத்திருந்ததே அவனுக்குப் பெரிய தவம். இன்சூரன்ஸ் ஏஜெண்ட் வேறே, கேட்கவா வேண்டும்!

"என்ன மேடம், இவ்வளவு வெங்காயம் உரிச்சும் நீங்க அழல. நான் சோத்துல ஊறுகா இல்லன்னு ஏழு நாளும் அழுதேன் பாத்துக்கிடுங்க!"

சுகந்தி சிரித்தாள். வாய்விட்டு, தோள் குலுங்கச் சிரித்தாள்.

அவளுடைய சிரிப்பு எப்படி இருக்கும் என்று நயினாருக்கு அதுவரை தெரியாது. முதன்முதலில் கேட்டதே அடுத்தவன் சொன்னதற்கு. கத்தியைக் கீழே வைத்தார், எழுந்தார், போய்விட்டார்.

பம்பு ஷெட்டில் போய் உட்கார்ந்தார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோட்டாரைக் கழற்றினார். வயிறு பற்றி எரிந்தது. ஊறுகாயாம் ஊறுகாய்! அதில் சிரிக்க என்ன இருக்கிறது? உப்பும் மிளகாயும் போட்டு ஊறவைத்த மாங்காய். அதற்கு ஒரு சிரிப்பு!

மத்தியானப் பந்தியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். பின்னால் டென்னிசனின் குரல், அதற்குமேல் அவள் சிரிப்பு. ரசம் இறங்கவில்லை. இலையை மடித்துப்போட்டுவிட்டு நேராக உமையாளம்மாவிடம் போனார்.

உமையாளம்மா முழங்கால்வரை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இன்னும் ஒரு வாரம் மௌனம் போடுங்க."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்."

உமையாளம்மா தேய்ப்பதை நிறுத்தாமல் கேட்டார். "எல்லாருக்குமா அண்ணாச்சி?"

நயினாருக்குப் பொய் வராது. "டென்னிசனுக்கு" என்றார்.

"ஏன், பாவம்?"

"அவன் பேசுதான். சுகந்தி சிரிக்கா. எனக்கு வயிறு எரியுது. அவன் நாக்கு அழுகிப்போகட்டும்னு தோணுது. நான் இப்படியெல்லாம் நினைக்கிற ஆள் இல்லம்மா."

"சுகந்தியைப் பிடிச்சிருக்கா?"

"ஆமா."

"அவகிட்டச் சொன்னீங்களா?"

"மௌனத்துல எப்படிச் சொல்ல?"

"அது காலையிலயே முடிஞ்சுபோச்சே."

"சொல்ல என்ன இருக்கு? ஒரு வாரம் எதிர எதிர உட்கார்ந்திருக்கோம். அவளுக்கே தெரியும். தெரிஞ்சும் அவன்கூடச் சிரிக்கா, அதான் எரியுது."

உமையாளம்மா தேய்ப்பதை நிறுத்தி அவரைப் பார்த்தார். பிறகு மறுபடி தேய்க்க ஆரம்பித்தார். நயினார் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

மறுநாள் காலை எல்லோருக்கும் சுக்குக்காப்பி ஊற்றிக்கொண்டு வந்தார் உமையாளம்மா. நயினார் டம்ளரை நீட்டினார். உமையாளம்மா அவரைத் தாண்டி அடுத்தவருக்கு ஊற்றிவிட்டுப் போய்விட்டார்.

மறந்திருப்பார் என்று நினைத்தார் நயினார். "வணக்கம்மா" என்றார். பதில் இல்லை. உமையாளம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நயினாருக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன தப்பு செய்தோம்? முற்றத்தைப் பெருக்கினார். உமையாளம்மா பார்த்தார், போய்விட்டார். கழற்றிப்போட்ட மோட்டாரை மாட்டி ஓடவிட்டார். அதற்கும் ஒரு வார்த்தை வரவில்லை. நேற்று டென்னிசனைப் பற்றிப் பேசியது தப்பா? ரசத்தை மிச்சம் வைத்தது தப்பா? தொட்டி தேய்க்கக் கூடமாட ஒத்தாசை செய்யாதது தப்பா?

போதாக்குறைக்கு, உமையாளம்மா டென்னிசனோடு நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். பார்த்த நயினாருக்கு அழுகையே வந்துவிட்டது. இவரையுமா அவன் பிடுங்கிக்கொண்டான்! இனி அவன் பிடுங்க என்னிடம் வேறு என்ன மிச்சம் இருக்கிறது என்று பம்பு ஷெட் சுவரிடம் கேட்டார்.

சாயங்காலம் பொறுக்கமுடியாமல் போய் உமையாளம்மா முன்னால் நின்றார்.

"அம்மா, எம்மேல கோபமா?"

"ஆமா."

"எதுக்கு?"

"உங்களுக்கே தெரியும்."

அவ்வளவுதான். நயினார் கத்திவிட்டார்.

"எனக்குத் தெரியாது! சின்ன வயசுலயிருந்து எல்லாரும் இதையேதான் சொல்லுதாங்க. உனக்கே தெரியும், உனக்கே தெரியும்! ஒரு தடவை பொண்ணு பார்க்கப் போனோம். கேசரி எப்படி இருக்குன்னு கேட்டாங்க. சீனி கூடிப்போச்சுன்னேன். அவங்க முகம் மாறிப்போச்சாம், எல்லாரும் பார்த்தாங்களாம், நான் பார்க்கல. அப்புறமா தகவல் சொல்லுதோம்னு அனுப்பி வச்சாங்க. நான் தகவலுக்குக் காத்திருந்தேம்மா! பட்டறையைவிட்டு வெளிய போகாம மாசக்கணக்கா போன் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் அக்கா சொல்லுதா, அப்படிச் சொன்னாலே பிடிக்கலைன்னு அர்த்தமாம். பிடிக்கலைன்னு சொன்னா என்ன? வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துரும்? ஒருத்தர் மனசுல கிடக்குறது இன்னொருத்தருக்கு எப்படித் தெரியும்?"

சொல்லி முடித்து மூச்சு வாங்கினார்.

உமையாளம்மா எழுந்துபோய் சுக்குக்காப்பி கொண்டுவந்து கொடுத்தார்.

"எனக்கு உங்கமேல கோபம் ஒண்ணும் இல்ல அண்ணாச்சி."

"அப்போ பொய்யா?"

"பொய்தான். நாள் முழுக்க உங்களைப் படுத்திட்டேன். மன்னிச்சுக்கிடுங்க."

"எதுக்கு இப்படிச் செஞ்சீங்க?"

"நேத்து தொட்டிகிட்ட நின்னு ஒண்ணு சொன்னீங்க. சுகந்தியைப் பத்தி. அவளுக்கு என்னமோ தெரியும்னீங்களே."

நயினார் டம்ளரைப் பிடித்தபடி நின்றார். காப்பி ஆறிப்போகிறவரை குடிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை பஸ் வந்து வாசலில் நின்றது. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். ஆளாளுக்குப் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டென்னிசன் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இரண்டுபேர் சீட்டைப் பிடித்துவிட்டு, "மேடம், உங்களுக்கும் சேர்த்துத்தான்!" என்று கத்தினான்.

நயினாருக்கு வயிற்றில் மறுபடி தீ வைத்த மாதிரி இருந்தது. பம்பு ஷெட் பக்கம் கால் தானாகத் திரும்பியது. பல்லைக் கடித்துக்கொண்டு சுகந்தியிடம் நடந்தார். அவள் பைக்கு ஜிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு" என்றார் அவளுடைய பையைப் பார்த்து. "வெங்காயம் உரிச்சப்பவே பிடிச்சிருந்துச்சு. டென்னிசன் பேசி நீங்க சிரிச்சா எனக்கு வயிறு எரியுது. உங்களைக் கல்யாணம் பண்ணிக்கிட ஆசைப்படுதேன். உங்களுக்கு என்னைப் பிடிக்குமா?"

சுகந்தி பாதி மூடிய ஜிப்பை அப்படியே விட்டுவிட்டாள்.

"என்னைப் பிடிச்சிருக்கா? மணி அடிச்சதும் எழுந்து போனவரு நீங்க. திரும்பிக்கூடப் பார்க்கல. ரெண்டு நாளா எல்லா வெங்காயத்தையும் ஒத்தையில உட்கார்ந்து நான்தான் உரிச்சேன். பேச ஆரம்பிச்சா இந்த மனுஷனுக்கு நம்மளைப் பிடிக்காது போலன்னு நினைச்சேன்."

"பிடிக்காமப் போகல. வயிறு எரிஞ்சு போனேன்."

"அது எனக்கு எப்படிங்க தெரியும்?"

"தெரியாதுதான்" என்றார் நயினார். "நேத்து சாயங்காலம்தான் எனக்கே உறைச்சுது."

சுகந்திக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தாள். அது தன்னைப் பார்த்துச் சிரித்ததா, தனக்காகச் சிரித்ததா என்று நயினாருக்குப் பிடிபடவில்லை. அதற்குள் டென்னிசன் மறுபடி கூப்பிட்டான். அவள் பையைத் தூக்கிக்கொண்டாள்.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றாள். பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

நயினார் ஓட்டமும் நடையுமாக உமையாளம்மாவிடம் வந்தார். அவர் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டேம்மா."

"நல்லது. அவ என்ன சொன்னா?"

"யோசிச்சுச் சொல்லுதேன்னா."

"சரி."

"என்ன சரி? யோசிச்சுச் சொல்லுதேன்னா பிடிச்சிருக்குன்னு அர்த்தமா, பிடிக்கலைன்னு அர்த்தமா? எவ்வளவு நாள் யோசிப்பா? நான் போன் பண்ணலாமா, அவளே பண்ணட்டும்னு இருக்கணுமா? சிரிச்சா வேற. அது எந்தச் சிரிப்பு? அந்த டென்னிசன் துண்டு போட்டுப் பக்கத்துல உட்கார வச்சிருக்கான். ஊர் போய்ச் சேருறதுக்குள்ள பேசியே அவ மனசைக் கரைச்சிருவான். நீங்க சொல்லுங்கம்மா, அவ மனசுல என்னதான் இருக்கு?"

உமையாளம்மா முறத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"பஸ் இன்னும் கிளம்பல அண்ணாச்சி. இங்க வந்து யாருகிட்டக் கேட்டுக்கிட்டு நிக்கீங்க?"