யானையின் கழுத்துவரை வந்த வெள்ளம்

காது உள்ளவர்கள் கேளுங்கள். காதில் கடுக்கன் மட்டும் உள்ளவர்களும் கேளுங்கள். ராஜாக்கள் விடுகதைக்கு மயங்கிக் கிடந்த காலத்தில் நடந்த கதை இது. நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் கடைசிவரை கேட்டுவிட்டு நம்புங்கள்.

ஆலங்காவல் என்று ஒரு நகரம் இருந்தது. இளநாகன் என்ற ராஜா அதை ஆண்டான். அவனுக்குப் போர்ப் பைத்தியம் இல்லை, பொன் பைத்தியம் இல்லை. விடுகதைப் பைத்தியம் மட்டும் தலைக்கு மேல் இருந்தது. தினமும் காலையில் அரண்மனை வாசலில் முரசு மூன்று முறை முழங்கும். பெருங்கண்ணன் என்ற செய்திக்காரன் படியேறி நின்று மூன்று சொல்வான்: விடுகதை ஒன்று, உலகத்து வேடிக்கை ஒன்று, முன்னொரு காலத்தில் நடந்த சங்கதி ஒன்று. அதைக் கேட்ட பிறகுதான் உழவன் ஏர் பூட்டுவான், குயவன் சக்கரம் சுற்றுவான், கடைக்காரன் கடை திறப்பான்.

இதற்கு இரண்டு சட்டங்கள் இருந்தன. முரசு அறைந்து சொன்னதைப் பொய் என்று யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் காணி நிலம் பறிபோகும். ஆனால் யார் வேண்டுமானாலும் படியேறிப் பெருங்கண்ணனுக்கு மூன்று விடுகதை போடலாம். அவற்றில் ஒன்றுக்கு அவன் விழித்தாலும் போதும், போட்டவர் கேட்டதை ராஜா செய்துகொடுப்பான். பன்னிரண்டு வருஷமாக ஒருவரும் ஜெயித்ததில்லை.

பெருங்கண்ணன் லேசுப்பட்டவன் இல்லை. வழிப்போக்கர்களை நிறுத்தி விசாரிப்பான், கல்வெட்டுகளைத் தடவித் தடவிப் படிப்பான், கிழவர்களின் வாயைக் கிளறுவான். ஆந்தைக்குக் கண் உருளாது, அதனால்தான் கழுத்தைத் திருப்புகிறது என்று ஊருக்குச் சொன்னவன் அவன்தான். வாழை என்பது ஒரு மரமே இல்லை, அதில் கட்டையே கிடையாது என்று சொல்லித் தச்சர்களை வாயடைக்க வைத்தவனும் அவன்தான்.

ஆனால் எவ்வளவு பெரிய நெல் குதிரும் அள்ள அள்ளக் குறையத்தானே செய்யும்? பதின்மூன்றாம் வருஷத்தில் ஒரு காலை, முரசு முழங்கிவிட்டது, பெருங்கண்ணனிடம் சொல்ல ஒன்றும் இல்லை. இன்றைக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவனுக்கு நாக்கு வரவில்லை. கொக்கு இடது காலில் நின்றால் மூன்றாம் நாள் மழை வரும் என்று ஒரு புளுகை அவிழ்த்துவிட்டான். ஊரே கை தட்டியது. அன்று முழுக்கப் பாதி ஊர் ஏரிக்கரையில் நின்று கொக்கின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகென்ன? முதல் பொய்க்கு வேர்த்தது. இரண்டாம் பொய்க்குச் சிரிப்பு வந்தது. மூன்றாம் பொய் தானாகவே வந்தது.

புரட்டாசி மாதத்தில் ஒரு நாள் அவன் பெரிய ஏரியின் கரைவழியே வந்தான். கரையின் உள்சரிவில் ஒரு கல் யானை நின்றது. அன்றைய சங்கதிக்கு அதைப் பிடித்துக்கொண்டான். "நம் ராஜாவின் கொள்ளுத்தாத்தா காலத்தில் ஏரி நிறைந்து கல் யானையின் கழுத்துவரை வெள்ளம் வந்தது. அப்போதும் கரை அசையவில்லை" என்று முரசு அறைந்து சொன்னான். ஜனங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த ஏரியின் மதகைத் திறக்கும் பரம்பரைக் காணி உரிமை மாடன் என்பவன் குடும்பத்துக்கு இருந்தது. அவன் முள் குத்திக் கால் வீங்கிப் படுத்திருந்ததால் அந்த வருஷம் மதகைப் பார்த்தவள் அவன் மனைவி பூதி. யானையின் முழங்காலைத் தண்ணீர் தொட்டால் மதகைத் திறக்க வேண்டும். அதுதான் அவர்கள் வழக்கம். கரைக்குக் கீழே நாற்பது வீடுகள் இருந்தன. அதில் ஒன்று அவளுடையது.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. ஆறாம் நாள் தண்ணீர் முழங்காலைத் தொட்டதும் பூதி மதகுக்குப் போனாள். ஏரி அதிகாரி ஆட்களோடு வந்து மறித்தார். கழுத்துவரை வந்தாலும் கரை தாங்கும் என்று முரசே சொல்லிவிட்டது, தண்ணீரைத் தேக்கினால் மூன்றாம் போகமும் விளையும், எதற்காக வீணாக்குகிறாய் என்றார். உழவர்களும் அதையே சொன்னார்கள். மதகுக்குக் காவல் போட்டார்கள்.

எட்டாம் நாள் தண்ணீர் யானையின் தொடைக்கு வந்தது. ஒன்பதாம் நாள் வயிற்றுக்கு வந்தது. பூதி கரையின் வெளிப்புறத்தில் கை வைத்துப் பார்த்தாள். மண் சோற்றுருண்டைபோல் நெகிழ்ந்தது. பொய் என்று சொன்னால் காணி போய்விடும். சொல்லாவிட்டால் நாற்பது வீடும் போய்விடும். ராஜாவுக்கு நியாயம் காதில் ஏறாது, விடுகதை ஏறும் என்று யோசித்தவள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக அரண்மனைக்கு நடந்தாள். நடையில் தயக்கமே இல்லை.

முரசு முழங்கி முடிந்திருந்தது. அவள் படியேறினாள். மதகுக்காரி விடுகதை போட வந்திருக்கிறாள் என்று கூட்டம் சிரித்தது. ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"மொத விடுகதை" என்றாள் பூதி. "வாயில்லாமக் குடிக்கும். வயிறு முட்டக் குடிச்சா அப்படியே படுத்துக்கும். அது என்னங்கய்யா?"

பெருங்கண்ணன் கண்கூட இமைக்கவில்லை. மண் கரை என்றான். நீரைக் குடித்துக்கொண்டே இருந்து, ஊறிவிட்டால் சரிந்துவிடும் என்று விளக்கமும் சொன்னான்.

"ரெண்டாவது. ஊருக்கெல்லாம் சோறு போடும். கதவைச் சாத்தி வெச்சா ஊரையே தின்னும்."

ஏரி என்றான். அதன் கதவு மதகு என்றான். கூட்டம் கை தட்டியது. ஆனால் சிலருக்கு மட்டும் கை பாதியில் நின்றது. அவர்கள் மழையை அண்ணாந்து பார்த்தார்கள்.

"மூணாவது" என்றாள் பூதி. இப்போது அவள் பெருங்கண்ணனைப் பார்க்கவில்லை; ராஜாவைப் பார்த்தாள். "ஏரிக்கரையில ஒரு யானை நிக்குது. ராஜா பொறந்த வருஷம் நட்ட யானை. ராஜாவோட பொறந்த நாளுக்கு வருஷா வருஷம் நாம எல்லாரும் அதுக்கு மாலை போட்டுப் பொங்கல் வெக்கிறோம். அந்த யானை, ராஜாவோட கொள்ளுத்தாத்தா காலத்து வெள்ளத்துல கழுத்துவரைக்கும் நனைஞ்சது எப்படி?"

அங்கே நின்ற ஒவ்வொருவரும் அந்த யானைக்கு மாலை போட்டவர்கள். அந்தப் பொங்கலைத் தின்றவர்கள். எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். முரசு முழங்கிய பிறகு ஒருவரும் யோசிக்கவில்லை, அவ்வளவே. ராஜாவின் முகம்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிவந்தது. தனக்கும் அந்த யானைக்கும் ஒரே வயது என்று சொல்லிச் சொல்லியே அவனை வளர்த்திருந்தார்கள்.

பெருங்கண்ணனுக்கா பதில் வராது? அதற்கு முன்னால் அங்கே வேறொரு யானை இருந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாயைத் திறந்தான்.

பூதி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "கீழ நாப்பது வீடு இருக்குங்கய்யா. பாத்துச் சொல்லுங்க."

பன்னிரண்டு வருஷப் பெயர் ஒரு பக்கம், நாற்பது வீடு ஒரு பக்கம். பெருங்கண்ணன் தலைப்பாகையைக் கழற்றி முரசின்மேல் வைத்தான்.

"அந்த வெள்ளத்தை யாரும் பார்க்கவில்லை" என்றான். "அன்றைக்கு எனக்குச் சொல்ல எதுவும் தெரியவில்லை. நானே கதை கட்டிவிட்டேன்."

ராஜா எழுந்தான். உனக்கு என்ன வேண்டும் என்று பூதியைக் கேட்கக்கூட அவன் நிற்கவில்லை. மதகைத் திறக்கச் சொல்லி மழையிலேயே ஓடினான். ராஜா ஓடினால் யார் நிற்பார்கள்? ஏரி அதிகாரியும் ஓடினார். மதகைப் பூதிதான் திறந்தாள். தண்ணீர் வடிய மூன்று நாள் ஆனது. வடிந்த பிறகு பார்த்தால், யானையின் வயிற்றுக்கு நேராகக் கரையின் உட்புறம் ஒரு காளை நுழையும் அளவுக்கு மண் கரைந்து குழி விழுந்திருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் நெஞ்சில் கை வைத்தார்கள். இன்னும் ஒரு சாண் ஏறியிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல அந்த ஊரில் ஆள் இருந்திருக்காது.

பெருங்கண்ணன் வேலையை விட்டுவிடுகிறேன் என்றான். ராஜா விடவில்லை. பொய் என்று சொல்லக் கூடாது என்ற பழைய சட்டத்தைக் கிழித்துப் புதிதாக ஒன்று போட்டான்: இனிமேல் ஒவ்வொரு சங்கதிக்கும் கூட்டத்திலிருந்து ஒருவர் "யார் பார்த்தது?" என்று கேட்க வேண்டும். முதல் நாள் கேட்பவள் பூதி.

மறுநாள் காலை முரசு முழங்கியது. பெருங்கண்ணன் சொன்னான்: "நடந்த சங்கதி. இந்த நகரத்தில் ஒருவன், தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, நாற்பது வீட்டை மூழ்கடிக்கப் பார்த்தான்."

"யாருங்கய்யா பாத்தது?" என்று கேட்டாள் பூதி.

"நான்தான் பார்த்தேன். அவன் நான்தான்" என்றான். அன்றைக்கும் ஊர் கை தட்டியது. அந்தக் கைதட்டலுக்கு மட்டும் அவன் தலை குனிந்து கும்பிட்டான்.

ஆகவே கேட்டவர்களே, எவ்வளவு பெரிய முரசு முழங்கிச் சொன்னாலும் யார் பார்த்தது என்று கேட்காமல் எதையும் நம்பக் கூடாது, தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படவும் கூடாது.